மத்தியானம் ஆனால் நின்றுபோகும் ஃபோர்க்லிஃப்ட்: கண்ட்ரோலரை மாற்றும் முன் நான்கு இடத்தில் அளந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். ஒரகடத்தில் ஒரு கிடங்கில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியனாக இருக்கிறேன். ஐ.டி.ஐ. முடித்து நான்கு வருடம் ஆகிறது. எங்களிடம் 2 டன் தூக்கும் பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் ஒன்று இருக்கிறது. 48 வோல்ட், 500 ஏ.ஹெச். லெட் ஆசிட் பேட்டரி, ஏசி மோட்டார். காலையில் நன்றாக ஓடுகிறது. மத்தியானம் 2 மணிக்கு மேல் கனமான பல்லெட்டைத் தூக்கும்போது டிஸ்ப்ளே மங்கி, ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டு வண்டி நின்றுவிடுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும். நின்ற பிறகு பேட்டரியை மீட்டரில் பார்த்தேன், 49 வோல்ட் இருக்கிறது. பியூஸ் எல்லாம் சரியாக இருக்கின்றன. சர்வீஸுக்கு வந்தவர் கண்ட்ரோலர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். லட்சத்துக்கு மேல் கொட்டேஷன். நடுவில் சீட் சுவிட்ச் தகராறு செய்ததால் ஆபரேட்டர் அந்த இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டார். இரண்டு மாதமாக இரண்டாவது ஷிஃப்டும் ஓடுவதால் வண்டியை நிறுத்திப் பார்க்கவும் நேரமில்லை. என்ன செய்யலாம்? (ஒரகடம் வாசகர்)

பதில்: அன்புள்ள தம்பி,

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரின் பேச்சுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த முறுக்கிய வயரை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். ஆள் சீட்டை விட்டு எழுந்தால் வண்டியை ஓடவிடாமல் தடுப்பது சீட் சுவிட்ச். அது வேலை செய்யாத வண்டியில் ஆபரேட்டர் கியரை முன்னோக்கிப் போட்டபடியே கீழே இறங்கலாம். பல்லெட்டைச் சரி செய்யக் குனியும்போது சட்டையோ காலோ ஆக்ஸிலரேட்டரில் பட்டால் போதும். எதிரே ரேக்கும் பின்னால் வண்டியும் இருந்தால் நடுவில் நிற்பவர் நகர இடமில்லை. எதிர் எடைக்கும் பேட்டரிக்கும் சேர்த்து 3 டன்னுக்கு மேல் கனக்கும் இரும்பு அது. சுவிட்ச்சின் விலை சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரைதான். புதியது வரும்வரை வண்டி நிற்கட்டும். அதற்காக மேனேஜர் சத்தம் போட்டால், போட்டுவிட்டுப் போகட்டும்.

சரி, இப்போது உங்கள் வண்டி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விடைக்கு வழிகாட்டும் இரண்டு வார்த்தைகளை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவற்றைக் கவனிக்காமல் கடந்துவிட்டீர்கள். ஒன்று, டிஸ்ப்ளே ‘மங்கி’. இரண்டாவது, ‘இரண்டாவது ஷிஃப்ட்’.

கண்ட்ரோலருக்குள் கோளாறு வந்து வண்டி நின்றால் டிஸ்ப்ளே மங்க வேண்டிய அவசியமில்லை. அது எரிந்துகொண்டே ஒரு எரர் கோடை (கோளாறைச் சொல்லும் எண்ணை) காட்டும், மெயின் கான்டாக்டர், அதாவது பேட்டரி மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெரிய காந்த சுவிட்ச், விழும், அவ்வளவுதான். டிஸ்ப்ளே மங்குகிறது என்றால் அதற்கு வரும் மின்சாரமே அந்த நொடியில் சரிந்திருக்கிறது. கான்டாக்டர் காயிலுக்கும் அதே மின்சாரம்தான். வோல்ட் சரிந்ததைக் கண்ட்ரோலர் பார்த்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கான்டாக்டரை விட்டுவிடுகிறது, அல்லது காயிலால் பிடித்துக்கொள்ள முடியாமல் அதுவே விழுகிறது. நீங்கள் கேட்ட ‘டக்’ அதுதான். வண்டி நின்றதும் சுமை போய்விடுகிறது, வோல்ட் மேலே ஏறிவிடுகிறது. சாவியைப் போட்டால் மறுபடி ஓடுகிறது. நீங்கள் மீட்டரை எடுத்து வைக்கும்போது 49 காட்டுகிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

அந்த 49-ஐ நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். 48 வோல்ட் பேட்டரி 49 காட்டினால் ஒரு வோல்ட் அதிகமாகவே இருக்கிறதே என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பேட்டரியில் 24 செல். முழுதாகச் சார்ஜ் ஆகி, சில மணி நேரம் ஆறிய பேட்டரியில் ஆசிட்டின் அடர்த்தி (தண்ணீரை 1000 என்று வைத்தால்) 1280-க்குப் பக்கத்தில் இருக்கும், செல்லுக்கு 2.12 வோல்ட் வரும். மொத்தம் 50.9. உங்களுடைய 49-ஐ 24-ஆல் வகுத்தால் செல்லுக்கு 2.04 வோல்ட், ஆசிட் அடர்த்தி ஏறக்குறைய 1200. அதாவது பேட்டரியில் பாதிதான் மிச்சம் இருக்கிறது. வேலை செய்து நிறுத்திய உடனே பார்த்த எண் என்றால் உண்மையான நிலை இதைவிடக் கொஞ்சம் மேலாகவே இருக்கலாம், ஏனென்றால் பேட்டரி முழுதாகத் தேறி வர நேரமெடுக்கும். எப்படியிருந்தாலும் சுமை இல்லாதபோது எடுத்த அந்த ஒரு எண்ணை வைத்துப் பேட்டரி நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. கோளாறு வருவது தூக்கும்போது. அளக்க வேண்டியதும் அப்போதுதான்.

சுமை ஏற்றி அளப்பதற்கு பல்லெட்டை உயரத்தில் தூக்க வேண்டிய அவசியமில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஃபோர்க்கைத் தரைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஃபோர்க் ஏறி இறங்கும் தூணான மாஸ்ட்டைப் பின்பக்கம் முழுதாகச் சாய்த்துவிட்டு லீவரை அப்படியே இன்னும் 4, 5 நொடி பிடிக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் கடைசி வரை போய்விட்டதால் ஆயிலுக்குப் போக்கிடமில்லாமல் ரிலீஃப் வால்வு திறக்கும், பம்ப் மோட்டார் முழு பலத்தோடு இழுக்கும். அதற்கு மேல் பிடித்தால் ஆயில் சூடாகும், விட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். ஓட்டுபவர் சீட்டிலேயே இருக்க வேண்டும், மாஸ்ட் பக்கம் யாரும் கை நீட்டக் கூடாது. கையில் மோதிரம், வாட்ச், இரும்புக் காப்பு எதுவும் வேண்டாம். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். பிரச்சினை ஆம்பியரில் இருக்கிறது. இரண்டு துருவத்துக்கு நடுவில் ஒரு ஸ்பானர் விழுந்தால் அது பழுத்துச் சிதறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஸ்பானர் கைப்பிடிக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இதை மத்தியானம் 2 மணிக்கு மேல், கோளாறு வரும் நேரத்தில்தான் செய்ய வேண்டும். மீட்டரில் ‘மின்-மேக்ஸ்’ பட்டன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், அந்த நொடியில் விழுந்த குறைந்த வோல்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு இடத்தில் பிளஸ், மைனஸ் இரண்டையும் பாருங்கள்: ஒன்று, பேட்டரியின் முதல் செல்லுக்கும் கடைசி செல்லுக்கும் உள்ள முனைகளில்; இரண்டு, பேட்டரி பிளக்கைத் தாண்டி வண்டிப் பக்கம்; மூன்று, மெயின் கான்டாக்டரைத் தாண்டிய இடத்தில்; நான்கு, கண்ட்ரோலருக்குப் பேட்டரி மின்சாரம் நுழையும் பி பிளஸ், பி மைனஸ் முனைகளில். ஒவ்வொரு இடத்திலும் லீவரைப் பிடிக்கும்போது என்ன எண் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பேட்டரி முனையிலேயே 41-க்குக் கீழே போகிறதா? அங்கேயே நின்றுவிடுங்கள், கண்ட்ரோலர் பக்கம் போகவே வேண்டாம். 5 மணி நேரத்தில் காலியாகும் வேகத்தில் இழுக்கும்போது செல்லுக்கு 1.7 வோல்ட், மொத்தம் 40.8 வந்தால் பேட்டரி காலியாகிவிட்டது என்பது பேட்டரி செய்பவர்களின் கணக்கு. எல்லாச் செல்லும் ஒன்றுபோல இறங்கியிருக்கிறதா, ஒன்றிரண்டு மட்டும் மொத்தத்தையும் கீழே இழுக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. செல்லுக்குச் செல் இணைக்கும் கனெக்டரின் ரப்பர் மூடியில் மீட்டர் முள் நுழையும் அளவுக்குச் சின்ன ஓட்டை இருக்கும். லீவரைப் பிடிக்கச் சொல்லி, இடைவெளி விட்டு, செல் செல்லாக 24-ஐயும் அளந்துவிடுங்கள். மற்றவை 1.9 காட்டும்போது ஒன்று மட்டும் 1.4 அல்லது 1.2 காட்டினால் அதுதான் ஆள். முழுதாக நைந்த செல் சுமையில் ஜீரோவுக்குக் கீழே போய் மைனஸ் காட்டும். தூக்காமல் நிற்கும்போது அதே செல் மற்றவை மாதிரியே 2 வோல்ட் காட்டும். இதனால்தான் ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் வண்டி மாதக்கணக்கில் தொல்லை கொடுக்கும். செல் எண்ணைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். ஒரு செல் மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், முழு பேட்டரியும் வாங்க வேண்டியதில்லை.

ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் அடுத்த நாள் காலை, சார்ஜ் முடிந்து ஆறிய பிறகு, 24 செல்லின் ஆசிட்டையும் பாருங்கள். எல்லாம் 1270, 1280 என்று இருக்கும்போது ஒன்று 30 புள்ளிக்கு மேல் தள்ளி இருந்தால் சுமையில் விழுந்ததும் அதே செல்லாகத்தான் இருக்கும். இரண்டு சோதனையும் ஒரே எண்ணைக் காட்டும்போது சந்தேகத்துக்கு இடமில்லை. நம்ம ஊர் வெயிலில் ஆசிட் சூடாக இருக்கும், சூட்டில் அடர்த்தி குறைத்துக் காட்டும். பேட்டரி மேனுவலில் அடர்த்திக்குச் சொன்ன வெப்பநிலையைவிட 10 டிகிரி செல்சியஸ் கூடினால் 7 புள்ளி சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் செல்லும் ஒன்றுபோல இறங்கியிருந்தால்தான் உங்கள் இரண்டாவது வார்த்தை வேலைக்கு வரும். கோளாறு எப்போது ஆரம்பித்தது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் என்று நான் நினைக்கிறேன். ஒரு ஷிஃப்ட் ஓடிய காலத்தில் வண்டி 8 மணி நேரம் ஓடும், 8 மணி நேரம் சார்ஜ் ஆகும், 8 மணி நேரம் ஆறும். லெட் ஆசிட் பேட்டரி இந்தக் கணக்குக்குத்தான் வாழும். இப்போது இரண்டு ஷிஃப்ட் முடிந்து இரவில் 5, 6 மணி நேரம் கிடைத்தால் அதிகம். சார்ஜரின் முதல் பாதியில் மின்சாரம் வேகமாக ஏறிவிடும், இன்டிகேட்டரும் நன்றாகவே காட்டும். கடைசிக் கட்டம்தான் மெதுவாக நடக்கும். குமிழி கிளம்பி ஆசிட் மேலும் கீழும் கலப்பதும், பின்தங்கிய செல்கள் மற்றவற்றை எட்டிப் பிடிப்பதும் அப்போதுதான். அதை ஒவ்வொரு நாளும் வெட்டிவிட்டால் கனமான ஆசிட் அடியில் தங்கும், தகடுகளில் சல்பேட் கெட்டிப்படும். காலையில் வண்டி நன்றாகத்தான் ஓடும். மத்தியானம் படுக்கும்.

இரண்டு ஷிஃப்டுக்கு ஒரே பேட்டரி என்றால் இரண்டாவதாக ஒரு பேட்டரி வேண்டும், அல்லது அந்த வேலைக்கென்றே வரும் லித்தியம் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் மாற வேண்டும். கண்ட்ரோலருக்குக் கொடுக்கப்போகும் பணத்தை மேனேஜர் இந்தப் பக்கம் யோசிக்கட்டும். அதுவரைக்கும் வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றால் அன்றைக்கு, முழு சார்ஜும் அதற்கு மேல் ஈக்வலைஸ் சார்ஜும் (பின்தங்கிய செல்களைச் சமன் செய்யும் கூடுதல் சார்ஜ்) கொடுங்கள். பேட்டரி இருக்கும் அறையின் மூடியைத் திறந்து வைத்துத்தான் சார்ஜ் போட வேண்டும். வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். டிஸ்டில்ட் வாட்டரைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்னாலேயே நிரப்பிவிட்டால் சார்ஜில் பொங்கி ஆசிட் வெளியே போய்விடும்.

பேட்டரி முனையில் 46 இருந்து கண்ட்ரோலரில் 40 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கதையே வேறு. நடுவில் 6 வோல்ட்டை யாரோ சாப்பிடுகிறார்கள். கேபிளின் ஒரு முனையில் ஒரு முள், மறுமுனையில் இன்னொரு முள் வைத்து, லீவரைப் பிடித்தபடி துண்டு துண்டாக அளந்துகொண்டே வாருங்கள். நல்ல இணைப்பில் மில்லிவோல்ட்தான் காட்டும். கேபிள் முனையில் அழுத்தி மாட்டும் உலோகத் துண்டான லக்கில் 1 மில்லிஓம் கூடினாலும் 300 ஆம்பியரில் 0.3 வோல்ட் போகும், அந்த இடத்தில் 90 வாட் சூடு கிளம்பும். அது 10 மில்லிஓம் ஆனால் 3 வோல்ட், 900 வாட். அயர்ன் பாக்ஸ் அளவுக்குச் சூடு, விரல் அளவு இடத்தில்.

பல வருடத்துக்கு முன்னால் ஓர் அரிசிக் கிடங்கில் இதே மாதிரி ஒரு வண்டி. கான்டாக்டர் மாற்றியிருந்தார்கள், பம்ப் மோட்டாரைக் கழற்றிப் பார்த்திருந்தார்கள். நான் போய் அளந்தபோது பேட்டரி பிளக்கின் வண்டிப் பக்க மைனஸ் பின்னில் மட்டும் 2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பிளக் புதுசு மாதிரி. பின்னை வெளியே தள்ளி எடுத்தேன். லக்கைக் கிரிம்ப் டூலில் அழுத்தாமல் சுத்தியலால் தட்டியிருந்தார்கள். கேபிளின் உறையை ஒரு விரல்கடை அளவு வெட்டினேன். தாமிர இழைகள் பளபளக்க வேண்டிய இடத்தில் கரி மாதிரி கறுத்து, இன்னும் உள்ளே பச்சைப் பொடி. கிள்ளினால் இழைகள் தூளாக உதிர்ந்தன. சேதமான கேபிளை வெட்டிவிட்டு, நல்ல தாமிரம் வரும்வரை உறையைச் சீவி, புது பின்னைச் சரியான டையில் கிரிம்ப் செய்தோம். வண்டி அன்றைக்குச் சாயந்தரமே வேலைக்குப் போனது. அதிலிருந்து எந்த வண்டியைப் பார்த்தாலும் பிளக்கைத்தான் முதலில் தொடுகிறேன். நீங்களும் வேலை நடந்துகொண்டிருக்கும்போது வண்டியை நிறுத்தச் சொல்லி, பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுடுகிறதா என்று அதுவே சொல்லிவிடும்.

கான்டாக்டரின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவிலும் அளக்க மறக்க வேண்டாம். வோல்ட் குறையும்போது காயிலின் பிடி தளர்ந்து, முனைகள் துள்ளித் துள்ளிப் பொறி தட்டிக் குழி விழும். இரண்டு மாதமாக உங்கள் வண்டி தினமும் இப்படி விழுந்திருந்தால் முனைகள் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். கழற்றும் முன் பேட்டரி பிளக்கை எடுத்துவிட்டு, கண்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களைக் காலி செய்ய வேண்டும். பிளக் எடுத்த பிறகும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும். நான் இரண்டு 24 வோல்ட் பல்பை சீரிஸில் இணைத்து ஒரு பையில் வைத்திருக்கிறேன். அதைக் கண்ட்ரோலரின் பி பிளஸ், பி மைனஸுக்கு நடுவில் வைத்தால் ஒரு மினுக்கு மினுக்கி அணையும், அப்புறம் மீட்டரில் ஜீரோ என்று பார்த்துவிட்டுக் கை வைப்பேன். ஸ்பானரால் ஷார்ட் செய்பவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு விஷயம். அடுத்த முறை வண்டி நின்றதும் ஆபரேட்டர் சாவியை அணைக்கக் கூடாது. டிஸ்ப்ளேயில் என்ன எரர் கோடு இருக்கிறது, கண்ட்ரோலரில் எல்.இ.டி. எத்தனை முறை மினுக்குகிறது என்பதை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சாவியை அணைத்துப் போட்டால் வண்டி ஓடிவிடும், தடயமும் போய்விடும். எரர் கோடுக்கு அர்த்தம் பார்ப்பது உங்கள் வண்டியின் மேனுவலில் மட்டும். ஒரு கம்பெனியின் கோடு இன்னொரு கம்பெனியில் வேறு எதையோ சொல்லும். சர்வீஸுக்கு வருபவரிடம் கண்ட்ரோலரில் இணைத்துப் படிக்கும் ஹேண்ட்செட் கருவி இருக்கும். அதில் ஃபால்ட் ஹிஸ்டரியை (பழைய கோளாறுகளின் பட்டியலை) திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. வரிசையாக ‘லோ பேட்டரி’, ‘அண்டர் வோல்டேஜ்’ என்று இருந்தால் கொட்டேஷனை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.

பேட்டரியின் மேல்தட்டு ஈரமாக, அழுக்காக இருக்கிறதா என்றும் பாருங்கள். பிளக்கை எடுத்துவிட்டு, மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் இன்னொன்றைப் பேட்டரி வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் பெயின்ட் சுரண்டிய இடத்திலும் வையுங்கள். பிறகு மைனஸில் வையுங்கள். நிலையாகப் பல வோல்ட் காட்டினால் ஆசிட் ஈரம் வழியாக மின்சாரம் பெட்டிக்குக் கசிகிறது. மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, லிட்டருக்கு 100 கிராம் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் நுரை அடங்கும்வரை துடைத்து, நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் செல்லுக்குள் போகக் கூடாது. இந்தக் கசிவால் உங்கள் வண்டி மத்தியானம் நிற்கிறது என்று சொல்லமாட்டேன், ஆனால் கண்ட்ரோலர் காரணமே இல்லாத எரர் காட்டுவதற்கு இது ஒரு பழைய காரணம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும், கண்ட்ரோலரும் போகும். நின்ற அந்த நொடியில் பி பிளஸ், பி மைனஸில் 44, 45 வோல்ட் அசையாமல் இருக்கிறது, சாவியிலிருந்து கண்ட்ரோலருக்கு வரும் சின்ன வயரிலும் வோல்ட் விழவில்லை, அப்படியும் கான்டாக்டர் விழுகிறது என்றால் சர்வீஸ்காரர் சொல்வது சரியாக இருக்கலாம். அந்தச் சாவி வயரைத் தனியாகப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாவி சுவிட்ச் உள்ளே தேய்ந்திருந்தாலும், கட்டுப்பாட்டுப் பக்கத்துச் சின்ன பியூஸின் கிளிப் தளர்ந்திருந்தாலும், டிஸ்ப்ளேயும் கான்டாக்டரும் சேர்ந்தே விழும். ஆனால் அது குண்டும் குழியும் பார்த்து வரும், கடிகாரம் பார்த்து வராது.

திங்கட்கிழமை மத்தியானம் ஓர் அரை மணி நேரம் மட்டும் மேனேஜரிடம் கேட்டு வாங்குங்கள். நான்கு இடத்து எண்களையும், விழுந்த செல் இருந்தால் அதன் எண்ணையும், அன்றைக்கு முந்தைய இரவு சார்ஜரில் வண்டி எத்தனை மணி நேரம் இருந்தது என்பதையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். பிளக்கைத் திறந்தால் பின்களைப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோவும் எடுங்கள். அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை கண்ட்ரோலருக்கு ஆர்டர் போட வேண்டாம்.